கீழுதட்டில் ஒரு குளம்

பண்டபேர்க்கில் பெப்ரவரி.
கரும்பாலை உறங்கும் மாதம், வெயில் உறங்காது.
பள்ளி வாசலில் பிள்ளைகள் தெருவைக் கடக்க
'நில்' பலகை தூக்குவது என் வேலை.
காலை ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒன்று.
பதினோரு வருடம்.

மிளகளவில், கருநீலமாய்,
கீழுதட்டில் வந்து குந்தியது.
"என்னப்பா, பேனையைக் கடிச்சனீங்களோ?"
என்றாள் தவமலர்.
ஓம் என்றேன்.
அன்றைக்கு என் சட்டைப்பையில் பேனையே இல்லை.

பக்கத்து வீட்டு கெவினுக்கு
ஒரு காதில் பாதி இல்லை.
வெட்டி எடுத்த கதையை வேலிக்கு மேலால்
மீன் பிடித்த கதைபோலச் சொல்வான்.
ஒவ்வொரு முறையும்
மீன் கொஞ்சம் பெரிசாகும்.
சிரித்திருக்கிறேன்.

மூன்று கிழமை.
வங்கிக் கடவுச்சொற்களைக் கொப்பியில் எழுதினேன்.
தண்ணீர் பில்லை முன்கூட்டியே கட்டினேன்.
கன்பராவிலிருந்து மகள் வீடியோவில் வந்தால்
போனை நெற்றிக்கு நேரே பிடித்தேன்.
"அப்பா, உங்கட மொட்டை மட்டும்தான் தெரியுது."

தோல் கிளினிக்கில்
என் மகள் வயது டொக்டர்,
மூக்கில் வெயில் உரித்த தோல்.
விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் பார்த்தாள்.
பேசவில்லை.
அவள் பேசாத அந்த நேரத்துக்குள்
சுவர்ப்படத்திலிருந்த அத்தனை புற்றும்
எனக்கு வந்து போயிற்று.

பிறகு மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை
உதட்டில் வைத்து அழுத்தினாள்.
முகக்கண்ணாடியை நீட்டினாள்: பாருங்கள்.
கருநீலம் வடிந்து
வெறும் உதடு.
கையை எடுத்தாள்.
மடை திறந்த வயல்போல
மெல்ல நிரம்பி வந்தது
என் இரத்தம், என்னிடமே.

அந்தப் பொல்லாதது
இப்படி ஒதுங்கி வழிவிடாது, என்றாள்.
வெயிலும் வயதும் தளர்த்திய நாளமொன்றில்
இரத்தம் தேங்கி நிற்கிறது.
பெயர் சிரைக்குளம்.
லேசரால் வற்றவைக்கலாம்.
விட்டாலும் பாதகமில்லை,
மாறினால் வாருங்கள்.
இருக்கட்டும் என்றேன்,
ஏதோ எனக்கு எழுதிவைத்த காணியைப்போல.

கார்க் கண்ணாடியில் விரலால்
பத்துப் பன்னிரண்டு தரம் அழுத்திப் பார்த்தேன்.
பின்னேர மணிக்குப் பிந்திப் போனேன்.
பிள்ளைகள் தாங்களாகவே கடந்திருந்தார்கள்.

வீட்டில் தேநீர்க் கிளாஸை உதட்டில் அழுத்தி
"பார், பார், போகுது" என்றேன்.
தவமலர் உதட்டைப் பார்க்கவில்லை.
லாச்சியைத் திறந்து
கொப்பியை மேசையில் வைத்தாள்.

மூன்றாம் பக்கம்,
மின்சாரக் கணக்கின் கடவுச்சொல்.
நான் விட்ட ஓர் எழுத்துப் பிழை
நீலப் பேனையால் திருத்தியிருந்தது.