ஏசி, ஸ்டெப்னி

சோஹாரில் எங்கள் கட்டடத்தின் பின்புறம்
ஏசித் தண்ணீர் சொட்டும் இடமாகப் பார்த்துப்
படுத்துக் கிடந்ததால்
அதன் பெயர் ஏசி.
ஜெபாவுக்கு அப்போது ஏழு வயது.
குப்பூஸில் பாதி அவளுக்கு, பெரிய பாதி அதற்கு.

தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்த அன்று
"ஆஸ்பத்திரியில் இருக்கு" என்றேன்.
பதினோரு நாள் நம்பினாள்.
அதற்கு மறுநாள்
டிரைவர் குல் ஜமானிடமே போய்க் கேட்டுவிட்டாள்.
"அந்த மாமா அழுதார்" என்றாள்.
என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

ஸ்டெப்னி வந்தபோது பத்து.
பின்னங்கால் ஒன்று ஊன்றாது.
எதிர் வில்லா அயர்லாந்துக்காரர்கள்
சோஃபாவோடு சேர்த்து விட்டுப்போனது.
இந்தமுறை முதலிலேயே டாக்டரைக் கேட்டாள்:
"எத்தனை வருஷம் இருக்கும்?"
மூன்று என்றார்.
இரண்டரை இருந்தது.

கிட்னி.
கடைசி இரவு அதன் பிடரியில் கைவைத்துப்
பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.
நான் தூங்கிவிட்டேன்.
காலையில் பால்கனிக் கொடியில்
கழுவிய கழுத்துப்பட்டை காய்ந்துகொண்டிருந்தது.

போன வியாழக்கிழமை
கம்பெனியில் கடிதம் கொடுத்தார்கள்.
மாடிக்கு ஏறப் பிடிக்காமல்
என்ஜினையும் அணைக்காமல்
பார்க்கிங்கிலேயே இருந்தேன்.
சுவரோரம் தண்ணீர் சொட்டியது,
கீழே யாருமில்லை.

கதவைத் திறந்து பக்கத்தில் ஏறினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
என் பிடரியில் கையை வைத்தாள்.

ஐந்து நிமிஷமோ, ஐம்பதோ.

பிறகு சாவியைத் திருகி அணைத்துவிட்டு,
"அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்கப்பா.
ஆஸ்பத்திரியில இருக்குன்னு
ஆரம்பிக்காதீங்க."