ஒத்துழைக்கவில்லை

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி
குமட்டலை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்
ஒருநாள் பயிற்சிக்கு.
'வெளிமாநிலத் தொழிலாளரோடு உரையாடுதல்'
பேனரில் ஒற்று ஒன்று குறைகிறது.
அஸ்தம்பட்டியில் ஏசி ஓடாத கூடம்.
தொழிலாளர் துறை மாதேசன், வங்கிப் பெண் ஒருத்தி,
இரண்டு போலீஸ்,
ஏற்காடு ஆஸ்பத்திரி நர்ஸ் நான்.

பயிற்சியாளர் ரொசாரியோ தூத்துக்குடிக்காரர்.
பதினோரு மணிக்குத் தட்டில் வந்ததைப் பார்த்து
இது என்ன என்றார்.
செட் என்றோம்.
எதனுடைய செட்?
தட்டுவடை என்று சொல்ல
ஒருவருக்கும் தோன்றவில்லை.
இதுதான் முதல் பாடம் என்று சிரித்தவரின்
சட்டையில் பீட்ரூட் சிந்தியது.

மதியம் மேசையைத் திருப்பிப் போட்டார்கள்.
அந்தப் பக்கம், அதிகாரியின் நாற்காலியில்,
புதனி குஜூர்.
வாழவந்திப் பக்கம் காபிப்பழம் பறிக்க
கும்லாவிலிருந்து மூன்று ரயில் மாறி வந்தவள்.
எனக்கு அவளைத் தெரியும்.
அவளுக்கும் என்னை.

போன தையில்
அவள் உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்து
தீன் பார், தீன் பார் என்று கத்தினேன்,
இந்தி வராத நான்
இந்தி பாதி வருகிற அவளிடம்.
தலையாட்டினாள்.
ராத்திரி மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு
விடியலில் வாந்தியோடு வந்தாள்.
கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
நோயாளி ஒத்துழைக்கவில்லை.

இன்று நாங்கள் வரிசை.
அவள் தன் மொழியில் கேட்பாள்,
நாங்கள் படிவம் நிரப்ப வேண்டும்.
முதலில் மாதேசன்.
ஏதோ கேட்டாள். தலையாட்டினார்.
இன்னொன்று கேட்டாள்.
இன்னும் பலமாக ஆட்டினார்.
ஏன் சார் ஆட்டினீங்க?
'புரியலைன்னு சொன்னா
திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு...'
இருபத்தாறு வருஷ சர்வீஸ் உட்கார்ந்து
நெடுநேரம் கண்ணாடி துடைத்தது.

என் முறை.
என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.
மூன்றாவதில், மூந்த்.
மூந்தா?
மூந்த்.
தன் பல்லைத் தொட்டாள். பல்.
என்னைத் தொட்டு, நீன்.
கூடம் கைதட்டியது.
நம்ம ஆளுங்கதான் சார் என்றார் ஒரு போலீஸ்காரர்.
நாளைக்கு வருகிறவர்
பல்லுக்கு வேறு சொல் சொன்னால்
அவர் யார் ஆள் என்றார் ரொசாரியோ.

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.
அன்றைக்குக் கத்தாமல்
மூணு என்று என் சொல்லையே சொல்லியிருந்தால்...
இல்லை, அதுவும் பொய்.
மூன்று அவளுக்குப் புரிந்துதான் இருந்தது.
மூன்றைத்தானே விழுங்கினாள்.
நான் சொல்லாமல் விட்டது வேளை.
ஜன்னலைக் காட்டியிருக்கலாம்,
சேர்வராயனுக்கு மேல்
வெயில் நிற்கிற இடங்களை.

கடைசியில் ஒரு தாள்:
பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?
ஆம் என்று டிக் அடித்தோம் எல்லோரும்,
தலையாட்டுகிற மாதிரியே.

ஆறரை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் புதனி.
ஒன்பதாவது வளைவில் எனக்குப் புரட்டியது.
பையிலிருந்து ஆரஞ்சுத் தோல் எடுத்து
கையில் வைத்து ஏதோ சொன்னாள்.
தலை தானாக ஆடத் தொடங்கியது.
பிடித்து நிறுத்தி,
புரியலை என்றேன்.
வாய்க்குக் கொண்டுபோன என் கையை
அவள் பிடித்து
மூக்குக்கு உயர்த்தினாள்.