முப்பாற்புள்ளி

ஒன்பதரைக்கு மின்விசிறியைப் போடுமுன்
கோப்புகளின் மேல் ஆளுக்கொரு ஜல்லிக்கல்.
எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டியபோது மிஞ்சியவை.

என் வேலை எண்ணுவது.
யாரையும் தொட்டுப் பார்த்ததில்லை.
வாய், வயிறு, மார்பு, கருப்பை வாய்
இவற்றின் கட்டுகள் தடித்தவை,
வருஷத்துக்கு இருமுறை நாடா அறுந்துவிடும்.
கண்ணுக்கு ஒரு மெல்லிய உறை மட்டும்.
சி அறுபத்தொன்பது என்று அதன் முதுகில்
இரண்டாயிரத்து ஐந்தில் நான்தான் எழுதினேன்,
பச்சை மையில்.

ஒரு வருஷம் பத்து, மறு வருஷம் பன்னிரண்டு,
அப்புறம் திடீரென்று ஏழு.
சின்ன எண்களுக்குப் பிள்ளைக் குணம்.
காரணமில்லாமல் குதிக்கும்,
காரணமில்லாமல் படுத்துக்கொள்ளும்.
மூன்று மூன்று வருஷமாகச் சேர்த்துச் சராசரி போடம்மா
என்பார் செல்வநாயகம்.
போட்டால் கோடு அடங்கிவிடும்.
அந்த ஏழு பேர் இதில் எங்கே சார் என்றால்
மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

பதினேழில் கோடு எழும்பியது.
பெங்களூரிலிருந்து தொலைபேசி:
என்ன ஆச்சு உங்க ஊருக்கு?
தண்ணீரா? எண்ணூர்ப் புகையா?
வியாசர்பாடியில் ஒரு தாய்
பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் பிள்ளையைப் படமெடுத்தாள்.
ஒரு கண் சிவப்பாக விழுந்தது,
மற்றது பால் வெள்ளை.
செல்போன் மலிந்த தெருக்களிலிருந்து
அந்த வெள்ளையைத் தூக்கிக்கொண்டு
கொஞ்சம் சீக்கிரமாக வரத் தொடங்கினார்கள்.
பார்ப்பது கூடியிருக்கிறது, நோய் அப்படியே
என்று எழுதி, யோசித்து,
முடிவில் ஓர் 'இருக்கலாம்' சேர்த்தேன்.
எங்கள் துறையின் உப்பு அது.

அந்த உயரத்திலும் ஒன்று பொய்
என்பது போன மாதம்தான் தெரிந்தது.
எழும்பூர்ப் பேரேட்டில் ரஃபியா, இரண்டு வயது, இடக்கண்.
நுங்கம்பாக்கத்துத் தனியார் மருத்துவமனையில் ரபியா,
இரண்டு வயது நான்கு மாதம், இடக்கண்.
ஓர் ஆய்தம் விட்டுப்போனதில்
கணினி இன்னொரு குழந்தைக்கும் நோய் கொடுத்திருந்தது.
தகப்பன் பெயர் ஒன்றே.
புதுப்பேட்டை, பழைய எண் பதினான்கு,
புதிய எண் முப்பத்தொன்று.

போனேன்.
பம்பர்கள், கார் கதவுகள்,
கம்பி தொங்கப் பிடுங்கிய முகப்பு விளக்குகள்.
புதிய எண் யாருக்கும் தெரியவில்லை.
மாடிப்படியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள்
தலையை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி
என்னைப் பார்த்தாள்.
கணக்கெடுக்க வந்திருக்கேன்.
ரேஷனுக்கா?
உள்ளிருந்து அம்மா:
ரெண்டு எடத்துலயும் காட்டினோம்மா.
மொதல்ல சொன்னத நம்ப முடியல.

என்னை எத்தனை தடவ எண்ணுவீங்க? என்றாள் சின்னவள்.
ஒரு தடவதான். நோய் வந்த வருஷத்துல.
அப்ப இந்த வருஷம் நான் இல்லையா?
நான் பையில் பேனாவைத் தேடினேன்.
இத எடுத்துக் கழுவுவேன், பாக்குறீங்களா?
வேண்டாம் என்பதற்குள்
அம்மா அதட்டிவிட்டாள்.

உன் பேர எப்படி எழுதுவ?
படியோரம் சாய்ந்திருந்த அம்பாசிடர் கதவின் தூசியில்
முதலில் மூன்று புள்ளி வைத்தாள்,
அடுப்புக்குக் கல் வைப்பதைப் போல.
பிறகுதான் முன்னும் பின்னும்
மற்ற எழுத்துகள் வந்து நின்றன.

திரும்பி வந்து ஒரு வரியை அழித்தேன்.
பதினேழில் பதினாலு, பதின்மூன்று ஆயிற்று.
யாரும் குணமாகவில்லை, ஒருவர் குறைந்தார்.
கோடு இறங்கியதற்கு
பெங்களூரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.