நாற்பத்தாறு கிராம்

ஆடியில் காஸ் சிலிண்டர் போனது.
முழு சிலிண்டர், சீல் கூடப் பிரிக்காதது.
ஸ்டேஷனில் ஏட்டு கேட்ட முதல் கேள்வி
"கேமரா இருக்கா?"
இல்லை என்றதும் பேனாவை மூடினார்.

அப்படி வந்ததுதான் கேமரா.
ஒயர் இல்லாத வகை.
கட்டிகானப்பள்ளியில் பாறையை உடைத்து எழுப்பிய வீடு,
புதுச் சுவரைத் துளைக்க மனசு வரவில்லை;
இருபது வருடக் கடன் அந்தச் சுவர்.

கண்ணை விற்றவன்
வயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.
பன்னிரண்டாம் நாள்
பாட்டரி தீர்ந்து கண் மூடிக்கொண்டது.

பழையபேட்டையில் ஜபருல்லா கடை.
கண்ணாடி மேல் இரண்டு உருளைகள் வைத்தார்,
என் சுண்டுவிரல் நீளம்.
ஊதாவின் மேல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று போட்டிருந்தது.
விலை நூற்றிருபது.
சாம்பலின் மேல் மூவாயிரத்து நானூறு.
விலை ஐந்நூற்றெண்பது.
கணக்கு தெரிந்த எவளும் ஊதாவைத்தான் எடுப்பாள்.
எடுத்தேன்.

"இருங்க" என்று
பக்கத்து வெள்ளிக்கடைக்குக் குரல் கொடுத்தார்.
தராசு வந்தது.
ஊதா இருபத்தொன்பது கிராம்.
சாம்பல் நாற்பத்தாறு.
"மேல என்ன வேணா அச்சடிக்கலாம்மா,
எடைய அச்சடிக்க முடியாது."

சாம்பலில் இரண்டு வாங்கினேன்.
மேற்குச் சுவர் வேண்டாம் என்றார்.
சித்திரையில் இந்த ஊர்ப் பாறை வாங்கிய சூட்டை
ராத்திரி ஒன்பதுக்குத்தான் திருப்பித் தரும்,
அதற்குள் உள்ளே இருப்பது வெந்துவிடும்.
ஆணியைப் பிடுங்கி வடக்கே மாற்றினேன்.
ஒன்று வாசலில் வேலை பார்க்கும்போது
மற்றொன்று ஜன்னலோரம் சார்ஜரில்
சிவப்பு விளக்கு எரிய.
ஏ ஷிப்ட், பி ஷிப்ட்.

பெட்டியில் ஆறு மாதம் என்றிருந்தது.
பதினாறாம் நாள் மறுபடி இருட்டு.

சண்டைக்குத்தான் போனேன்.
அவர் என் போனை வாங்கி
எங்கேயோ தட்டித் திருப்பிக் காட்டினார்.
நடமாட்டத்தால் விழித்தது, நாளுக்கு ஒன்பது முறை.
நேரலையில் திறந்து பார்த்தது, அறுபத்திரண்டு.
"யாரோ ஓயாம எழுப்பறாங்க, தூங்கவே விடல."

யாரோ.
விடியும் முன்னே கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஒரு தரம்.
குருபரப்பள்ளியில்.
சூளகிரி தாண்டியதும்.
ஓசூரில் பெல்ட் நின்ற போதெல்லாம்,
கேண்டீன் வரிசையில், பாத்ரூமில்.
ஒவ்வொரு தரமும் அதே கேட்,
அதே பாதி வாடிய செம்பருத்தி,
தொங்கும் அதே பூட்டு.
தொங்குகிறது என்று ஒரு மூச்சு விட்டு
அடுத்த மூச்சுக்குள் மறுபடி சந்தேகம்.
ஒரு நிம்மதிக்கு எத்தனை மில்லி ஆம்பியர்
என்று எந்த உருளையிலும் போட்டிருக்காது.

அந்த ஒன்பதை நான் பார்த்ததே இல்லை.
ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
பூனை. பூனை. தண்ணீர் கேன் வண்டி.
பிறகு எதிர்வீட்டுத் தீர்த்தகிரி,
பல் குச்சி வாயில், லுங்கியை மடித்துக் கட்டி,
கேட்டருகே வந்து
பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்துப் போகிறார்.
முந்தின நாளும்.
அதற்கு முந்தின நாளும்.
சுற்றுச்சுவர் தகராறில்
எட்டு மாதமாய் எங்களுக்குள் பேச்சில்லை.

பேச்சு இப்போதும் இல்லை.
ஒரு நாள் கேட்டில் அவருக்கென்று
பத்து மல்கோவாவைப் பையில் மாட்டிவிட்டு
பஸ் ஏறினேன்.
எடுத்தாரா என்று பார்க்கவே
அன்றைக்குப் பதினான்கு தரம் திறந்தேன்.

நேற்று பத்தொன்பது. இன்றைக்கு எண்ணவில்லை.
ஜன்னலோரம் விளக்கு பச்சையானது.
கழற்றி உள்ளங்கையில் வைத்தேன்.
வேலைக்குக் கிளம்பும் முன்
டீ குடித்தவள் போல
இளஞ்சூடாக இருந்தது.