எட்டாம் வேற்றுமை

பள்ளியில் படித்தேன்: எட்டாம் வேற்றுமை, விளி.
அண்ணன் அண்ணா ஆவான், கந்தன் கந்தா ஆவான்.
துரை பெண்ணானால் என்ன ஆகும் என்று
லிந்துலையில் எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

துரைசாணி இருக்கிறது.
அது பங்களாவில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளின் பேர்.
காலை ஆறுக்கு, பனியில், பூட்ஸோடு
பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கிறவளுக்கு
ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே என்னை விளிக்காமலே பேசப் பழகிக்கொண்டார்கள்.
"லீவு வேணும்."
"மேமலையில பைப்பு ஒடஞ்சிருச்சு."
பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு இருமல்.
பெரிய கிளார்க்குக்கு நான் மிஸ்.
லொறிக்கார சுனிலுக்கு நோனா.
கங்காணி வீரமலைக்கு, மனசு நன்றாயிருந்தால், பிள்ள.
உரக்கம்பெனிக் கடிதத்துக்கு மூன்று வருடமாக
அன்புள்ள ஐயா.
கொழும்பிலிருந்து போன்:
"தொரைகிட்ட குடுங்க தங்கச்சி."
"நான்தான் பேசுறேன்."
"இல்ல, தொரைகிட்ட."

போன மாசம் பயிற்சிக்கு ஒரு பையன் வந்தான்.
கவ்வாத்துக் கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று
நான்தான் காட்டிக்கொடுக்கிறேன்.
ஜீப்பிலிருந்து இறங்கி அவன் கால் ஊன்றுவதற்குள்
மலை முழுக்க அவன் சின்னத்தொரை.

இன்று மத்தியான நிறுவை.
தராசு பதினெட்டு காட்டியது.
ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து
பதினாறு எழுதினான் நிறுவைக்காரன்.
நான் பக்கத்தில்தான் நின்றேன்.
படங்கில் நீர் சொட்டச் சொட்ட ஒருத்தி
அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்:
"ஏன் தொரை, என் ரெண்டு கிலோ எங்க போச்சு?"

தொரை.
மூன்று வருடம் காத்திருந்த சொல்
கல்லாக வந்து விழுந்தது.
வெட்கத்தோடு சொல்கிறேன்,
ஒரு நொடி சந்தோஷமாகவும் இருந்தது.

"ஒங்க பேரு?"
"இருநூத்திப் பதினாலு."
"பேரக் கேட்டேன்."
"அதத்தானே சொன்னேன்."

செக்ரோலைப் புரட்டினேன்.
இருநூற்றுப் பதினாலு, பெண்ணாள்,
ஒவ்வொரு மாசமும் கீழே என் கையெழுத்து.
பக்கத்துக் கட்டத்தில், மை மங்கி, மங்களேஸ்வரி.
பதினாறை அடித்துப் பதினெட்டு எழுதினேன்.
பிறகு அந்தப் பேரைக் கூப்பிட்டேன்.

அதற்குள் அவள் மலையேறத் தொடங்கியிருந்தாள்.
நிறுவைக்காரன் மட்டும்
யாரைக் கூப்பிடுகிறேன் என்று
திரும்பிப் பார்த்தான்.