ஐம்பது, புள்ளி

கஞ்சிக்கோட்டில் காற்றுக்கு லீவு கிடையாது.
வாளையார் கணவாயில் நுழைந்து
எங்கள் ஷெட் தகரத்தை உலுக்கிவிட்டுத்தான்
பாலக்காட்டுக்குப் போகும்.

எண்பத்தொன்பதில் நான் சேர்ந்தபோது
நிரல் என்றால் ஓர் அங்குல அகலக் காகித நாடா.
வரிசைக்கு எட்டுத் துளைவரை.
இடவப்பாதி ஈரத்தில் ஒரு துளை அடைத்துக்கொண்டால்
எண் வேறாகிவிடும், பம்ப் உறை குப்பைக்குப் போகும்.
ஹேர்ட்ரையர் பிடித்து எண்களை உலர்த்தியிருக்கிறேன்.
கொழிஞ்சாம்பாறை வீட்டில் இதைச் சொன்னபோது
"அப்ப லாண்டரி வேலையா?" என்றார் மாமியார்.

பிறகு பச்சை எழுத்துத் திரை.
மென்பொருளுக்கு ஒரு பூட்டு,
கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்,
கம்ப்யூட்டரின் முதுகில் செருக வேண்டும்.
வறீது முதலாளி யாரையும் நம்பமாட்டார்.
இரவில் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.
ஒருநாள் அது சட்டையோடு துவைபட்டது.
மூன்று நாள் நாங்கள் கேரம் ஆடினோம்.

கம்பி வழியே நிரல் சொட்டுச் சொட்டாய் இறங்கிய காலம்.
இயந்திரத்துக்கு அவ்வளவு சின்ன நினைவு:
ஒரு வாய் வாங்கி, வெட்டி, அடுத்த வாய்க்குக் காத்திருக்கும்.

தொண்ணூற்றாறு. இரவு ஷிஃப்ட்.
கையால் ஒரு வரி திருத்தினேன்: இசட் ஐம்பது.
ஐம்பதுக்குப் பின்னால் புள்ளி வைக்கவில்லை.
வைத்தால் ஐம்பது மில்லிமீட்டர்.
விட்டால் ஐம்பது மைக்ரான்.
தமிழிலும் அப்படித்தானே,
புள்ளி வைத்தால் எழுத்து நிற்கும்
விட்டால் அகரம் ஏறிக்கொண்டு ஓடும்.
ஒன்றாம் வகுப்புப் பாடம்.

கட்டர் மயிரிழை உயரம் எழுந்து
முழு வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்தது.
கிளாம்ப்.
உடைந்த கார்பைடு
செந்தாமரையின் இடக்காதைத் தாண்டிப் போய்
காலண்டரில் கர்க்கடகத்தைத் துளைத்தது.
(செந்தாமரை இந்தப் பக்கம் ஆண்பெயர்.)
அவன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"கழிஞ்ஞோ?"

அன்று விடியுமுன்
நிரலை எழுதித் தரும் நிரலுக்குள் ஒரு வரி சேர்த்தேன்.
ஒவ்வொரு டூல் மாறும்போதும்
நூறு மில்லிமீட்டர் ஏறு, நில், மறுபடி ஏறு.
பக்கத்தில் இயந்திரம் படிக்காத அடைப்புக்குறிக்குள்
அவன் பெயர்.

அதற்குப் பிறகு ஐந்து மென்பொருள் வந்து போயின.
திரைக்கு வண்ணம் வந்தது, உலோகத்துக்கு நிழல் வந்தது,
மூலையைக் கடிக்காமல் சுற்றிச் சுற்றி
மேயத் தெரிந்த பாதைகள் வந்தன.
பூட்டு சட்டைப்பையிலிருந்து வானத்துக்குப் போனது;
நெட் போனால் லைசென்ஸும் போகும்.
ஒவ்வொரு முறையும் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து
என் பழைய கோப்பைப் புதியதற்கு மாற்றிக் கொடுத்தார்.
அந்த வரியை யாரும் தொடவில்லை.
ஏன் என்று கேட்கவும் இல்லை.

போன வியாழன் புதுப் பதிப்பு
மஞ்சள் கோடிட்டுக் காட்டியது:
தேவையற்ற அசைவு. டூலுக்கு நான்கு நொடி.
பதினொரு டூல், நாளைக்கு அறுபது உருப்படி,
மொத்தம் நாற்பத்து நான்கு நிமிடம்.
கிளாம்ப் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.
மோதினால் திரையிலேயே சிவக்கும், கிளாம்ப் தப்பிக்கும்.
நீக்கவா? என்றது.

செந்தாமரையைக் கூப்பிட்டேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தான்.
"இது என்டெ பேரா?
இத்தனை காலம் ஏதோ கூலன்ட் கம்பெனின்னு நெனச்சேன்.
எடு சாரே, தினமும் முக்கால் மணி நேரம்
இதுக்காகவா சும்மா நின்னேன்?"

எடுத்தேன்.
பெயரை மட்டும் விட்டேன்; அதற்கு நொடி செலவில்லை.

முதல் உருப்படி. என் உள்ளங்கை சிவப்புப் பொத்தான்மேல்.
டூல் மாறியது, ஒரே ஏற்றம், இறக்கம்,
கூலன்ட் பீச்சியது, ஒன்றும் ஆகவில்லை.
பதினொன்றும் அப்படியே.

அவன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்:
ஒவ்வொரு மாற்றத்தின்போதும்
அவன் தலை வலப்பக்கம் அரை அங்குலம் சாய்ந்து
திரும்பி வந்தது.