மூணாறு தலைப்பில் இரவுப் பணி

இருபத்திரண்டு வருஷமாக லஸ்கர் நான்.
ஷட்டர் ஏறும் திருகைக் கையே எண்ணும்.
கிரீஸ் வாசனையோடுதான் சோறு.

மகள் சுபிக்ஷாவின் கணக்கு நோட்டில்
விகிதம் என்ற பாடம் முழுக்கச் சிவப்பு.
வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.
பாடம் கடைசி பஸ் மாதிரி;
விட்டால் ஸ்டாண்டில்தான் படுக்கை.

பிறகு என் கீறல் விழுந்த போனில்
ஏதோ ஒரு விளையாட்டை இறக்கினாள்:
ஓர் ஆறு, ஏழு மதகு, பதினோரு ஊர்,
முப்பது நாள் தண்ணீர்.
கூடத் திறந்தால் மேலே பயிர் அழுகும்.
குறைத்தால் கடைமடை
பாளம் பாளமாய் வெடிக்கும்.

முதல் நாள் பதினோரு ஊரையும் கொன்றாள்.
அதட்டினேன். சார்ஜ் தீர்ந்தது.
மறுநாளும் கொன்றாள், கொஞ்சம் குறைவாக.
அது அவளைத் திட்டவில்லை,
பெற்றோர் கையெழுத்து கேட்கவில்லை.
'மீண்டும்' என்று ஒரு பச்சைப் பொத்தான்,
அவ்வளவுதான்.

பத்தொன்பதாவது ஆட்டத்தின்போது
நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்:
மூன்றுக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று,
மணல் குடிப்பது நூற்றுக்குப் பன்னிரண்டு.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள்
பாலத்தில் நின்று மூன்று ஆற்றையும் பார்த்தாள்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
அளவுகோலில் தண்ணீர் தொட்ட இடத்தை
உதடு அசைய வாசித்தாள்.
"கோரையாத்துக்கு நாலு திருகு ஜாஸ்தி இருக்கேப்பா,
அப்ப பாமணிக் கடைசிக்கு
எத்தனாம் நாள் எட்டும்?"

நான் தூக்கைத் திறந்தேன்.
புளிக்குழம்பு.
முந்தாநாள் ராத்திரி ஒரு போன் வந்தது.
யாரென்று அவளிடம் எப்படிச் சொல்ல?
அவள் விளையாட்டில் மழை வரும், வெயில் வரும்,
கரைகூட உடையும்.
போன் வருவதில்லை.

இரண்டு மணிக்கு,
கொசுவுக்கும் தூக்கத்துக்கும் நடுவே
நானும் ஆடிப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்
இரண்டாம் கட்டத்தில் கவிழ்ந்தது.
எட்டு ஊர் சிவப்பு.
பக்கத்தில் ஒரு நாய் மட்டும்தான், தூங்கிக்கொண்டு.
ஆனாலும் வெட்கமாயிருந்தது.
பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.
மறுபடியும். மறுபடியும்.

விடிவதற்கு முன் எழுந்து போய்
கோரையாற்று ஷட்டரில்
இரண்டு திருகு இறக்கினேன்.
நாலும் இல்லை. இரண்டு.

சட்டைப்பையில் போன்.
இன்னும் மணியடிக்கவில்லை.